ஒன்றரை அடி

அத்தியாயம் பதினான்கு

பெல்மோர் ஊரில், பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப் வண்டி வாங்கப் போகிறவன் கடைக்குப் போவதற்கு முன்னால் ஆர்லிஸ் டாக்கெட்டிடம் போவான். முப்பது வருஷமாக அப்படித்தான். என்ன இழுக்கப் போகிறாய், எவ்வளவு கனம், எந்த மாதிரி டிரெய்லர் என்று அவர் மூன்று கேள்வி கேட்பார். தாடையைச் சொறிந்துகொள்வார். பதில் என்னவாக இருந்தாலும் கடைசியில் சொல்வது ஒன்றுதான்.

"எட்டடித் தொட்டி வாங்கு. ஒன்றரை அடி மிச்சம் பிடிக்கிறேன்னு ஆறரையை வாங்கிட்டு வந்து எங்கிட்ட அழாதே."

அப்பேர்ப்பட்டவர்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் சொந்த மகளுக்கு ஆறரை அடித் தொட்டி வைத்த வண்டியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். மகள் கெண்ட்ரா ஏன் என்று கேட்கவில்லை. வண்டி விஷயத்தில் அப்பா சொன்னால் அவளுக்கு அது வேதம். மருமகன் பெனட் மட்டும் கடை வாசலில் ஒரு தடவை தயங்கினான்.

"சார், புது டிரெய்லருக்கு மூக்கு சதுரமா இருக்கே. எட்டடியாவே எடுத்துடலாமா?"

"தம்பி, நீ டிரம்பெட் ஊதும்போது நான் வந்து விரலை எங்க வைக்கணும்னு சொல்றேனா?"

கடைக்காரன் சிரித்தான். பெனட் வாயை மூடிக்கொண்டான். அவன் துல்சா நகரத்திலிருந்து வந்தவன், பெல்மோர் பள்ளிக்கூடத்தில் பேண்ட் வாத்தியார். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் மாமனாரை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறான். வேறு மாதிரி கூப்பிடு என்று ஆர்லிஸ் சொன்னதும் இல்லை.

கெண்ட்ராவின் குதிரை டிரெய்லர் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற ரகம் இல்லை. அதன் கழுத்து பிக்கப்பின் தொட்டிக்கு மேலே நீண்டு வந்து, தொட்டிக்குள் இருக்கும் இரும்புக் குண்டின்மேல் உட்காரும். நேராகப் போகிறவரை எல்லாம் அழகுதான். ஒடித்துத் திருப்பினால் டிரெய்லர் மூக்கின் மூலை கேபினின் முதுகை நோக்கி வரும். எட்டடித் தொட்டி என்றால் அது வந்து போக இடம் உண்டு. ஆறரையில் இல்லை. இது ஆர்லிஸுக்குத் தெரியாத விஷயமா? ஊருக்கே சொல்லிக் கொடுத்த மனுஷர்.

தெரிந்தேதான் செய்தார். போன அக்டோபரில், ஓக்லஹோமா சிட்டியில் கண் டாக்டர் அவருடைய வலது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது, இனி திரும்பாது என்று சொல்லியிருந்தார். டிரெய்லர் இழுக்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். ஆர்லிஸ் தலையாட்டிவிட்டு, வெளியே நிறுத்தியிருந்த பழைய டிரெய்லரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி லவேடாவிடம் மூக்குக் கண்ணாடி நம்பர் மாறியிருக்கிறது என்றார்.

பெனட்டுக்குச் சனிக்கிழமைகளில் பேண்ட் பயிற்சி இருக்கும். அதனால் கெண்ட்ராவைப் பந்தயங்களுக்கு ஓட்டிக்கொண்டு போவது ஆர்லிஸின் வேலை. அந்த வேலையை விட அவருக்கு மனசு வரவில்லை. குளிர்காலத்துக்குள் பழைய நீள வண்டியை இரண்டு தடவை கேட் கம்பத்தில் உரசியாகிவிட்டது. கொஞ்சம் குட்டையான வண்டி என்றால் சமாளிக்கலாம், அகலமாகத் திருப்பிக்கொண்டால் போயிற்று என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மகளுக்கு வாங்குகிற வண்டி என்று பெயர் பண்ணித் தனக்கு வாங்கிக்கொண்டார். அதுதான் நடந்தது.

அந்தச் சனிக்கிழமை பெனட்டுக்குப் பயிற்சி இல்லை. மாவட்டத் திடலில் பீப்பாய்ப் பந்தயம். மூன்று பீப்பாய்களையும் குதிரையோடு சுற்றிவிட்டு வருகிற அந்தப் பதினாறு பதினேழு விநாடிக்காகத்தான் கெண்ட்ரா இரண்டு வருஷமாக விடியற்காலையில் எழுந்திருக்கிறாள். இன்றைக்கு முதல் ஐந்து பேரில் வந்துவிட்டால் மாநிலப் போட்டி. பெயர் கொடுக்க வேண்டும் என்று அவள் தோழியின் காரில் முன்னாலேயே போய்விட்டாள்.

"முழங்கால் வலிக்குது. இன்னிக்கு நீ ஓட்டு," என்றார் ஆர்லிஸ்.

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. திடலில் கூட்டமாக இருக்கும், அவருக்குப் பயம். பெனட் சாவியை வாங்கிக்கொண்டான். லவேடா பின் சீட்டில் உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

திடலுக்குள் நுழைந்ததும் ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருத்தன் கையைக் காட்டி, இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே இருந்த சந்துக்குள் போகச் சொன்னான். வலது பக்கம் ஒடித்துத் திருப்ப வேண்டும். இடது பக்கம் தண்ணீர் லாரி ஒன்று நின்றதால் அகலமாக எடுக்க வழியில்லை. தங்கள் வண்டிகளின் பின்கதவை இறக்கிப் போட்டு, காபியும் கையுமாக உட்கார்ந்திருந்த கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. அடுத்தவன் டிரெய்லரை நிறுத்துவதைப் பார்ப்பதைவிடப் பெரிய பொழுதுபோக்கு எங்கள் பக்கத்தில் கிடையாது.

பெனட் பிரேக்கை மிதித்தான். "ஒரு நிமிஷம் இறங்கிப் பாத்துட்டு வந்துடறேன் சார்."

"இறங்கிப் பாக்க இது என்ன மியூசியமா? அத்தனை பேரும் நம்மளையே பாக்கறான். திருப்பு."

"மூலை கேபின்ல இடிக்குமோன்னு…"

"நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? ரெண்டடி இடம் இருக்கு. இன்னும் திருப்பு. ஒடிச்சுத் திருப்பு, தம்பி, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நெளியாதே!"

ஆர்லிஸ் எதையும் பார்க்கவில்லை. வலது பக்கம் அவருக்கு ஒரு சாம்பல் மங்கல்தான். இரண்டடி என்பது முப்பது வருஷமாக வாயில் ஊறிப்போன வார்த்தை, அதுவாக வந்துவிட்டது.

பெனட் திருப்பினான்.

முதலில் தகரம் நசுங்குகிற சத்தம், அடுத்து வெடி. பின் கண்ணாடி முழுவதும் ஒரே நேரத்தில் உதிர்ந்து லவேடாவின் தலையிலும் தோளிலும் சாலட் பாத்திரத்திலும் கொட்டியது. டிரெய்லருக்குள் குதிரை மிரண்டு பக்கச் சுவரை உதைத்தது.

"அம்மா! அசையாதீங்க, அப்படியே இருங்க!" பெனட் கதவைத் திறந்துகொண்டு பின் சீட்டுக்கு ஓடினான்.

ஆர்லிஸ் இறங்கினார். அவரும் பின் சீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். போனது குதிரையிடம். "முதல்ல குதிரையைப் பாக்கணும்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார். லவேடாவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

கெண்ட்ரா வேலியைத் தாண்டி ஓடி வந்தாள். அம்மாவின் காதுக்குப் பின்னால் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள். உடைந்த கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"அகலமா திருப்புன்னு எத்தனை தடவை சொன்னேன்? வண்டி வாங்கின அன்னிக்கே சொன்னேனா இல்லையா? எங்கம்மாவைக் கொன்னிருப்பே! டாடி பக்கத்துலதானே உக்காந்திருந்தார், ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?"

நாற்பது பேராவது கேட்டிருப்பார்கள். பெனட்டின் கையில் ஒரு கண்ணாடித் துண்டு குத்தியிருந்தது. அவன் அதைப் பிடுங்கினான். தலையை நிமிர்த்தி மாமனாரை ஒரே ஒரு தடவை பார்த்தான்.

ஆர்லிஸ் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். 'நான்தான் திருப்பச் சொன்னேன்.' மூன்றே வார்த்தை. தொண்டைவரைக்கும் வந்தது. வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி வரும்: நீங்க பாக்கலையா டாடி? அந்தக் கேள்வியை நினைத்ததும் வார்த்தை உள்ளே போய்விட்டது.

"தப்பு என்னோடதுதான்," என்றான் பெனட். "மன்னிச்சுடு கெண்ட்ரா."

ஆர்லிஸின் உடம்பு பூராவும் சூடேறியது. வெயில் இன்னும் ஏறவில்லை.

முதலுதவிக் கூடாரத்தில் லவேடாவுக்குக் காதுக்குப் பின்னால் நாலு தையல் போட்டார்கள். ஆர்லிஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வா. நான் கடிக்க மாட்டேன்," என்றாள் லவேடா.

"வலிக்குதா?"

"தையல் வலிக்கல. கெண்ட்ராகிட்ட சொல்லிட்டியா?"

"என்னத்தை?"

லவேடா அவரையே பார்த்தாள். "ஆர்லிஸ், நான் பின் சீட்டுலதான் உக்காந்திருந்தேன். எனக்குக் காது நல்லாவே கேக்கும். அந்தப் புள்ள இறங்கிப் பாக்கறேன்னு கெஞ்சினான்."

"இப்பப் போய்ச் சொன்னா அவ மனசு கலங்கிடும். ஓட்டம் முடியட்டும், சொல்லிடறேன்."

"அவ மனசு ஏற்கெனவே கலங்கித்தான் கிடக்கு. நீ உன் மனசைச் சொல்றே."

"நீயே பக்குவமா அவகிட்ட…"

"மாட்டேன்." அவள் தலைமுடியிலிருந்து ஒரு கண்ணாடித் துணுக்கை எடுத்துப் பக்கத்திலிருந்த தட்டில் போட்டாள். "நாப்பது வருஷமா உனக்காக எத்தனையோ பேர்கிட்ட எத்தனையோ பேசியாச்சு. இதை நீ பேசு."

அவள் கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். கத்துகிறவளோடு சண்டை போடலாம்.

மத்தியானம் மாட்டிறைச்சி ரொட்டி விற்கிற கடைக்கு முன்னால், தகரக் கூரை நிழலில், டூயி தன் பட்டாளத்தோடு உட்கார்ந்திருந்தான். டூயியும் ஆர்லிஸும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆர்லிஸைக் கண்டதும் பெஞ்சில் இடம் விட்டான்.

"உக்காருப்பா. பாவம் உன் தலையெழுத்து. குதிரைக்காரிக்கு ஊதுகுழல்காரன் வந்து வாச்சான்."

"அவன் நெனச்சிருப்பான், டிரெய்லரும் டிரம்பெட் மாதிரி, நீட்டினா நீளும் மடக்கினா மடங்கும்னு," என்றான் இன்னொருத்தன்.

"டிரம்பெட் எங்கடா நீளும்? அது வேற ஒண்ணு."

"எதுவோ ஒண்ணு. கண்ணாடி போச்சுல்ல?"

ஆர்லிஸ் குளிர்ந்த தேநீரை உறிஞ்சினார். எழுந்து போய்விடலாம். போகவில்லை. காலையிலிருந்து இத்தனை பேர் பரிதாபப்பட்டுத் தோளில் தட்டியாகிவிட்டது, ஒவ்வொரு தட்டும் அவரை இன்னும் கொஞ்சம் கீழே அழுத்தியது. அதே சமயம், சொல்லவே கூசுகிறது, கொஞ்சம் இதமாகவும் இருந்தது.

அப்போது ஒரு இளம் ஜோடி வந்து நின்றது. புதுசாகக் கல்யாணமானவர்கள். பெண் வயிற்றுப் பிள்ளைக்காரி. அவளுடைய புருஷன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினான்.

"டாக்கெட் சார், உங்களைக் கேட்டுட்டு வாங்கச் சொன்னார் எங்கப்பா. கன்னுக்குட்டி ஏத்தற டிரெய்லர் ஒண்ணு வாங்கியிருக்கோம், கழுத்து வச்சது. வண்டி ஆறரைத் தொட்டியா, எட்டடியா?"

"ஆறரைன்னா எங்க வீட்டு ஷெட்டுக்குள்ள நிக்கும்," என்றாள் அந்தப் பெண், எப்படியாவது அதைச் சொல்லிவிடுங்கள் என்கிற குரலில்.

பட்டாளம் முழுக்க ஆர்லிஸைப் பார்த்தது. அவர் தாடையைச் சொறிந்தார்.

"எட்டடி. ஷெட்டை இடிச்சுக் கட்டிக்கலாம்மா. கழுத்தை மாத்த முடியாது."

"அப்போ உங்க வீட்டு வண்டி மட்டும் ஏன் சார் ஆறரை?" அந்தப் பையன் குசும்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

ஆர்லிஸ் வாயைத் திறப்பதற்குள் டூயி முந்திக்கொண்டான். "அதுவா? அது வாத்தியார் தானே போய்ப் பொறுக்கினது. பேண்ட் குழு யூனிஃபார்ம் கலருக்குப் பொருத்தமா இருந்துச்சாம்!"

பெஞ்சே குலுங்கியது. டூயி முழங்கையால் ஆர்லிஸின் விலாவில் இடித்தான். ஆர்லிஸும் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். எல்லாரும் சிரிக்கும்போது அவர் மட்டும் சும்மா இருந்தால் கவனிப்பார்கள் என்றுதான் தொடங்கினார். ஆனால் அதற்குப் பிறகு சிரிப்பு தன்னால் வந்தது.

அந்த இளம் பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஆர்லிஸின் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்லிஸ் திரும்பினார். பெனட் இரண்டு காபிக் கோப்பைகளோடு நின்றுகொண்டிருந்தான். ஒன்று மாமனாருக்கு வாங்கி வந்தது. விரலில் கட்டு.

"சார்," என்றான். கோப்பையை மேஜைமேல் வைத்தான். தன்னுடையதையும் குடிக்காமல் பக்கத்திலேயே வைத்தான். நடந்து போய்விட்டான்.

"கேட்டிருப்பானோ?" என்றான் டூயி.

"கேக்கட்டும், அப்பத்தான் கத்துப்பான்," என்றான் மற்றவன்.

ஆர்லிஸ் பெஞ்சில் திரும்பி அவன் முதுகைப் பார்த்தார். பின்னாலேயே ஓடிப் போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பையன், அந்தப் பெண், டூயி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தே இருந்தார். காபி ஆறிப்போனது.

மூன்று மணிக்குக் கெண்ட்ராவின் முறை வந்தது. ஆர்லிஸ் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் பீப்பாயை அருமையாகச் சுற்றினாள். இரண்டாவதில் ஒரு கணம் பிந்தினாள், குதிரையின் தோள் உரசியது, பீப்பாய் ஆடிக் கவிழ்ந்தது. ஐந்து விநாடி தண்டனை. இரண்டு வருஷத்தில் அவள் இரண்டாவது பீப்பாயைத் தட்டியதே கிடையாது.

ஒலிபெருக்கியில் நேரத்தைச் சொன்னபோது மாநிலப் போட்டி போயிருந்தது. ஓட்டம் முடியட்டும் என்று எந்த ஓட்டத்துக்காக அவர் வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அது இப்படி முடிந்தது.

அவர் வண்டியிடம் போய்ச் சேர்ந்தபோது அங்கே நாலைந்து பேர் வேலையாக இருந்தார்கள். டூயி வீட்டிலிருந்து கனமான பிளாஸ்டிக் தாளும் ஒட்டுநாடாவும் கொண்டுவந்திருந்தான். உடைந்த கண்ணாடி இடத்தில் லவேடா தாளைப் பிடிக்க, டூயி ஒட்டினான். மனுஷன் வாய் அப்படி, கை இப்படி. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருமே ஏறக்குறைய அந்த ரகம்தான்.

கெண்ட்ரா குதிரையைக் கட்டிவிட்டு வந்தாள். முகத்தில் தூசியும் கண்ணீரும் கோடு கோடாக இருந்தன.

"பெனட் எங்கம்மா?"

"போயிட்டான்." லவேடா சாவியை எடுத்துக் காட்டினாள். "அவன் பேண்ட்ல கிளாரினெட் வாசிக்கற பொண்ணோட அப்பா துல்சாவுக்குக் கிளம்பினார். அந்த வண்டியில ஏறிட்டான். அவங்க அம்மா வீட்டுல ரெண்டு நாள் இருக்கேன்னான்."

"இருக்கட்டும். அங்கேயே இருக்கட்டும்." கெண்ட்ரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஓடறதுகூடப் பாக்காமப் போயிருக்கான். செய்யறதையும் செஞ்சுட்டு, கோவிச்சுக்கிட்டு வேற போறானா? இனிமே அவன் வந்தா என்ன, வராட்டி என்ன?"

லவேடா புருஷனைப் பார்க்கவில்லை. நாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"கெண்ட்ரா," என்றார் ஆர்லிஸ். "அவன் இறங்கிப் பாக்கறேன்னு சொன்னான். நான்தான் வேண்டாம்னேன். நான்தான் ஒடிச்சுத் திருப்பச் சொன்னேன். இந்த வண்டியும் நான் பொறுக்கினதுதான். அவன் எட்டடிதான் கேட்டான்."

சொல்லி முடித்தாயிற்று. இடி விழும் என்று காத்திருந்தார்.

டூயி தொட்டியிலிருந்து இறங்கி வந்து அவர் தோளில் கையைப் போட்டான். "பாத்தீங்களாடா? இதுதான் பெரிய மனுஷன்கறது. மருமகன் மானத்தைக் காப்பாத்தறதுக்கு முப்பது வருஷப் பேரைத் தூக்கிக் கொடுக்கறான்."

"இல்ல டூயி, நெஜமாவே…"

"எங்களுக்குத் தெரியாதா? நீயாவது, ஆறரை வாங்கச் சொல்றதாவது. சின்னக் குழந்தைகூட நம்பாது."

கெண்ட்ராவும் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். "அவனுக்காக நீங்க பொய் சொல்லாதீங்க டாடி. எனக்கு அது இன்னும் அசிங்கமா இருக்கு."

ஆர்லிஸ் மகளின் அணைப்புக்குள் நின்றார். இத்தனை வருஷம் சேர்த்து வைத்த நல்ல பெயர் அவரைக் குற்றவாளியாகக்கூட விடவில்லை. இப்படியே விட்டுவிட்டால் இன்னும் பெரிய மனுஷனாகிவிடலாம். நான் சொன்னேன், அவர்கள்தான் நம்பவில்லை என்று மனசுக்கும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். லவேடாவைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சாட்சி சொன்னால் போதும். அவள் நாடாவை விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மகளை மெல்ல விலக்கி நிறுத்தினார். "டூயி, என் வலது தோளுக்குப் பக்கத்துல வந்து நில்லு."

"எதுக்கு?"

"நில்லுடா."

டூயி வந்து நின்றான். ஆர்லிஸ் நேராகக் கெண்ட்ராவின் முகத்தைப் பார்த்தார். "இப்ப கையைத் தூக்கி விரலைக் காட்டு."

டூயி காட்டினான்.

"எத்தனை விரல்னு எனக்குத் தெரியல. கையைத் தூக்கினியா இல்லையான்னே தெரியல. நீ நிக்கறதே மூச்சுச் சத்தத்துலதான் தெரியுது." அவர் மகளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்டோபர்லேர்ந்து இப்படி. டாக்டர் டிரெய்லர் இழுக்காதேன்னார். நான் யார்கிட்டயும் சொல்லல. நீள வண்டியை என்னால திருப்ப முடியல கெண்ட்ரா, அதான் குட்டையா பாத்து வாங்கினேன். உன்னை நான்தான் கூட்டிட்டுப் போகணும்னு ஒரு ஆசை. காலையில ரெண்டடி இருக்குன்னு சொன்னேன். பாக்காமச் சொன்னேன்."

டூயியின் மூன்று விரல்கள் இன்னும் காற்றிலேயே இருந்தன. அவற்றை மெல்ல மடக்கிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். யாரும் இப்போது பெரிய மனுஷன் என்று சொல்லவில்லை.

கெண்ட்ரா அம்மாவைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"கண்ணு விஷயம் இப்பத்தான் கேக்கறேன்," என்றாள் லவேடா. நாடாவைக் கீழே வைத்தாள். "திருப்பச் சொன்னது தெரியும். பின்னாலதானே இருந்தேன்."

கெண்ட்ரா போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். மணி போகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. எதிர்ப்பக்கம் எடுத்ததும், "டாடி பேசறார்," என்று மட்டும் சொல்லி அதை அப்பாவிடம் நீட்டினாள்.

ஆர்லிஸ் நாலடி தள்ளிப் போய் நின்றார். "பெனட். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கண்ணைப் பத்தியும்."

அந்தப் பக்கம் கார் ஓடுகிற இரைச்சல் கேட்டது.

"நல்லது சார். அப்போ யார் வண்டி ஓட்டிட்டு வீட்டுக்குப் போறது? நீங்க ஓட்டாதீங்க."

"உனக்கு… முன்னாடியே தெரியுமா?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து தெரியும். விருந்துல வலது பக்கம் நான் நீட்டின தட்டை நீங்க பாக்கவே இல்ல. அதான் கடையில நீங்க இந்த வண்டின்னு நின்னப்ப மேல பேசல. உங்களுக்கு ஓட்டறது எவ்வளவு முக்கியம்னு தெரியும். நான் பாத்துப் பாத்துத் திருப்பிக்கலாம்னு நெனச்சேன். இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உங்களுக்குத் தெரியலன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ஆர்லிஸ் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"பழி என்மேல இருந்தா எனக்கு ஒண்ணுமில்ல சார்," என்றான் பெனட். "அதை நான் தூக்கிட்டுப் போயிருப்பேன். ஆனா நீங்க அவங்களோட சேர்ந்து சிரிச்சீங்க. அதை எப்படித் தூக்கறதுன்னு எனக்குத் தெரியல."

வீட்டுக்கு வா என்று சொல்லத்தான் ஆர்லிஸ் வாயெடுத்தார். எந்த முகத்தோடு சொல்வது? தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் வைத்துவிட்டான்.

"என்ன சொன்னான்?" கெண்ட்ரா பின்னால் வந்து நின்றிருந்தாள்.

ரெண்டு நாள்ல வரேன்னான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"நான் சிரிச்சேன்னு சொன்னான்," என்றார் ஆர்லிஸ்.

"எப்போ?"

"மத்தியானம். டூயி கூட்டம் அவனைக் கேலி பண்ணாங்க. அவன் எனக்குக் காபி வாங்கிட்டு வந்து பின்னாடி நின்னுக்கிட்டிருந்தான். நானும் சிரிச்சேன்."

"எதுக்கு டாடி?"

டூயி தரையைப் பார்த்தான். ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றினார்.

"கேலி அவன்மேல விழுந்துக்கிட்டிருந்துச்சு. எம்மேல விழல. நிம்மதியா இருந்துச்சும்மா. அதுக்குத்தான் சிரிச்சேன்."

காலையில் புருஷனை ஊர் பார்க்கக் கத்தியவள் இப்போது கத்தவில்லை. அம்மாவிடமிருந்து சாவியை வாங்கினாள். டிரெய்லரின் கால்களைத் தரையில் இறக்கினாள், கழுத்தைக் குண்டிலிருந்து விடுவித்தாள், தொட்டியின் பின்கதவை மூடினாள். ஒருத்தர் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"டூயி அங்கிள், குதிரையை இன்னிக்கு உங்க கொட்டகையில கட்டிக்கிட்டு, இவங்க ரெண்டு பேரையும் வீட்டுல விட்டுடறீங்களா?"

"தாராளமா, கண்ணு."

"எங்க போறே?" என்றாள் லவேடா.

"பெனட்கிட்ட. நானும்தான் நாப்பது பேர் முன்னாடி அவனை அசிங்கப்படுத்தினேன். போன்ல சொல்ற விஷயமா அது?" அவள் ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினாள். பிளாஸ்டிக் தாள் படபடத்தது.

ஆர்லிஸ் ஜன்னலருகே போனார். "கெண்ட்ரா, அவன் வருவான்ல?"

அவள் அப்பாவை நன்றாக ஒரு தடவை பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த முகத்தைப் புதுசாகப் பார்க்கிறவளைப் போல இருந்தது.

"தெரியல டாடி. வந்தா கூட்டிட்டு வரேன்," என்றாள். "வரலேன்னா எனக்காகவும் காத்திருக்காதீங்க."